சும்மா பின்னிய கூடைகளும் அதற்கப்புறம் பின்னியவையும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஏதாவது ஒரு ஒயரில் காலை மாட்டிக்கொள்வார்கள். ஜன்னல் கம்பியில் ஆறடி நீளத்துக்கு வெட்டிய பச்சையும் மஞ்சளும் தொங்கிக்கொண்டிருக்கும், சோபாவுக்குப் பின்னால் ரோல்கள், கட்டிலுக்கு அடியில் பின்னி முடித்த கூடைகள், நடுவில் நாங்கள் நாலு பேர். ஸ்ரீரங்கத்தில் இரண்டு அறை வீடு. ஒயர் கூடை பின்னி விற்க ஆரம்பித்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் இதை ஒரு தொழில் என்று நானே வாய் விட்டுச் சொல்ல அதில் பாதிக் காலம் போய்விட்டது. அது ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் கூரியர், சாயம், விரல் வலி எல்லாம் வரும்.

2020 ஊரடங்கு சமயத்தில் அம்மா வீட்டுப் பரணில் அரை ரோல் சிவப்பு ஒயர் கிடைத்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஒயர் கூடையில்தான் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருவோம், அம்மா பின்னிப் பின்னித் தெருவுக்கே கொடுத்திருக்கிறாள். பார்த்துப் பார்த்து வளர்ந்ததால் கை தானாக வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. அடி போட்டு முடித்து மூலை திருப்பும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்குப் போன் போட்டால், "மூலையில இருக்கிற முடிச்சை இழுத்துப் பிடிச்சு அப்படியே சுத்திக் கொண்டா, அவ்வளவுதான்" என்கிறாள். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு மூன்று நாள். கடைசியில் யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன், இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒன்று கேட்டார். என்ன விலை என்றார். இரண்டு ரோல் கூடை, ஒயருக்கு மட்டும் 170 ரூபாய் ஆகியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே 300 என்றேன், அதையே கூடுதலாகச் சொல்லிவிட்டோமோ என்று ராத்திரி முழுக்கக் கூச்சமாக இருந்தது. நாலு மாதத்தில் 22 கூடை போனது. ஒவ்வொன்றிலும் 130 ரூபாய் லாபம் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள்தான் ஒருநாள் கேட்டாள், ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம்மா ஆகும் என்று. "அதெல்லாம் கணக்கா வெச்சுப் பின்னுறோம்? சும்மா இருக்கும்போது பின்னுறதுதானே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர அந்தக் கேள்வி விடவில்லை. அடுத்த கூடைக்குத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதிக்கொண்டே வந்தேன். பால் பொங்கியதற்கு எழுந்தது, குழாயில் தண்ணீர் வந்ததற்கு எழுந்தது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எல்லாம் கழித்து, பின்னிய நேரம் மட்டும் 9 மணி 40 நிமிடம். நாலு நாளில் சிதறிக் கிடந்தது, அதனால்தான் அது ஒரு வேலை மாதிரியே தெரியவில்லை. 130 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்குப் பதிமூன்றரை ரூபாய். அந்த வருடம் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வைத்திருந்த கூலியே ஒரு நாளைக்கு 256 ரூபாய். நான் ஒரு முழு நாளுக்கு மேல் உழைத்து அதில் பாதி சம்பாதித்திருக்கிறேன், அதுவும் ஒயர் வாங்கத் திருச்சி பெரிய கடை வீதிக்குப் போய்வந்த பஸ் காசையும் அலைச்சலையும் சேர்க்காமல்.

அந்தத் தாள் இன்னும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். முதல் பத்துப் பொருளுக்காவது நேரத்தை எழுதுங்கள். தோராயமாக மனதில் போடும் கணக்கு எப்போதும் பாதியைத்தான் காட்டும், ஏனென்றால் ஒயர் வெட்டுவது, சிக்கெடுப்பது, தவறாகப் போன வரிசையை அவிழ்ப்பது, போட்டோ எடுப்பது, 'அக்கா இதுல நீலம் இருக்கா' என்று வரும் இருபது செய்திகளுக்குப் பதில் போடுவது, இதெல்லாம் பின்னுவதாக நமக்குத் தோன்றாது.

அப்புறம் விலையை மாற்றினேன். மணிக்கு 40 ரூபாய் என்று எனக்கு நானே கூலி போட்டுக்கொண்டேன். கை பழகியதும் அதே கூடை ஏழு மணி நேரத்துக்கு வந்தது, ஆக 280, ஒயர் 170, கைப்பிடிக் குழாய், அடிப் பொத்தான், பஸ், போன் எல்லாம் சேர்த்து ஒரு 30. மொத்தம் 480, விற்பது 500. சிவன் கண் என்கிற பின்னல் வகை என்றால் ஒயரும் கூட, நேரமும் கூட, அது 750. நெல்லிக்காய் முடிச்சில் நான் இன்னும் மெதுவாகத்தான் போகிறேன், அதனால் யாராவது வற்புறுத்தினால்தான் எடுப்பேன். விலையை ஏற்றியதும் என்ன ஆகும் என்று எல்லோரும் பயப்படுவது எனக்கும் ஆனது. இரண்டு மாதம் ஒரு கூடை கூடப் போகவில்லை. பழைய 300 ரூபாய் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. பிறகு வந்தவர்கள் வேறு ஆட்கள், கூடையைத் திருப்பி அடியைப் பார்த்து, முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்து வாங்குகிறவர்கள். இவர்கள் பேரம் குறைவாகப் பேசுகிறார்கள், குறை சொன்னால் மட்டும் சரியாகச் சொல்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் தனி. "நீ சும்மா டிவி பாத்துக்கிட்டே பின்னுறதுதானே, எனக்கு ஒண்ணு சும்மா போட்டுக் குடேன்" என்று ஒரு சித்தி கேட்டார். ஒரே வாக்கியத்தில் இரண்டு சும்மா, முதலாவதில் என் நேரம் போனது, இரண்டாவதில் ஒயர் காசும் போனது. கோபப்பட்டுப் பயனில்லை, ஏனென்றால் அந்த வார்த்தையை முதலில் சொன்னது நான்தான். இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். விசேஷத்துக்கு நானாகவே கூடைதான் பரிசு, அதற்குக் காசு கிடையாது. மற்றபடி யார் கேட்டாலும் ஒயரை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், பாதிக் கூலி போதும் என்பேன். ரோல் விலையைக் கடையில் நின்று கேட்டதும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், மீதிப் பேர் வாங்கி வருவார்கள், இரண்டு விதத்திலும் மனக்கசப்பு இல்லை.

பெரிய அடி வாங்கியது ஒரு கல்யாண ஆர்டரில். ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுக்கச் சின்னக் கூடை 60, எல்லாம் ஒரே கிளிப்பச்சை, கைப்பிடி மட்டும் மஞ்சள். ஒன்றுக்கு அரை ரோலுக்குக் கொஞ்சம் கூட ஆகும். மொத்தமாக வாங்கக் கையில் பணமில்லை, முன்பணம் கேட்கக் கூச்சம், அதனால் முதலில் 20 ரோல் மட்டும் வாங்கினேன். 38 கூடை முடிந்தது. மறுபடி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி அதே கடைக்குப் போய், அதே கம்பெனி, அதே கிளிப்பச்சை என்று வாங்கி வந்தேன். வீட்டு டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் மாடியில் போட்டோ எடுக்கும்போதுதான் தெரிந்தது, புதுச் சரக்கு ஒரு பிடி கறுத்த பச்சை. ஒவ்வொரு தடவை ஒயர் இழுக்கும்போதும் சாயம் கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்று கடைக்காரர் பிறகு சொன்னார், "மொத்தமா எடுத்திருந்தா ஒரே லாட்ல குடுத்திருப்பேனேக்கா" என்று. என்ன செய்ய, மீதி 22 கூடையில் மேல் மூன்று வரிசையும் மஞ்சளில் வருகிற மாதிரி மாற்றி, நெருங்கிய உறவுகளுக்குக் கொடுக்க வேறு டிசைன் என்று பெண்ணின் அம்மாவிடம் முதல் நாளே போய் உண்மையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு 1,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். நியாயம்தான்.

அன்றிலிருந்து பத்துக் கூடைக்கு மேல் யார் கேட்டாலும் பாதிப் பணம் முன்னால். அந்தப் பணத்தில் மொத்த ஒயரையும் ஒரே நாளில், ஒரே லாட்டில், இரண்டு ரோல் கூடுதலாக வாங்குவேன். மீந்தால் மீந்துபோகட்டும், சாவிக்கொத்தோ பென்சில் டப்பாவோ பின்னலாம். முன்பணம் தரத் தயங்குகிறவர் கடைசியில் எண்ணிக்கையைக் குறைக்கப் போகிறவர் என்பது என் அனுபவம், இதில் நான் தப்பாகவும் இருக்கலாம், ஆனால் இதுவரை தப்பவில்லை.

அதே ஆர்டரில் தனியாக முடியாது என்று தெருவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன், கூடைக்கு 90 ரூபாய் கூலி. இரண்டு பேருமே என்னைவிட வேகம். ஆனால் ஒருவருக்கு இறுக்கமான கை, இன்னொருவருக்குத் தளர்ந்த கை. அடியில் அதே முடிச்சு எண்ணிக்கை, அதே வரிசை, ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றைவிட ஒரு அங்குலம் பெரியது! ஒரே பந்தியில் உட்கார்ந்த இரண்டு பேர் கையில் இரண்டு அளவுக் கூடை இருந்தால் கேட்காமல் இருப்பார்களா? இழுத்துப் பின்னுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு கூடைக்கு இழுப்பார்கள், மூன்றாவதில் அவரவர் கைக்குத் திரும்பிவிடுவார்கள், நடையை மாற்றச் சொல்கிற மாதிரிதான் அது. இப்போது ஒரு நிறத்தை அல்லது ஒரு அளவை முழுக்க ஒருவரிடமே கொடுத்துவிடுகிறேன். தளர்ந்த கைக்காரருக்கு அடியில் ஒரு முடிச்சு குறைத்துச் சொல்கிறேன். கூலியை மட்டும் கூடையை எண்ணி வாங்கிய அன்றே கொடுத்துவிடுவேன், எனக்குப் பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும். அவர்களுடைய நேரத்தைச் சும்மா என்று நான் நினைக்க ஆரம்பித்தால் பிறகு சித்தியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது.

கூரியர் விஷயத்தை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்கு ஒரு கூடை. எடை 700 கிராம், ஒரு கிலோ காசு வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு வாடிக்கையாளரிடம் அனுப்புச் செலவும் வாங்கிவிட்டேன். கவுண்டரில் இருந்த பையன் டேப் எடுத்துப் பெட்டியை அளந்தான். நீளம் 36, அகலம் 20, உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 4.32. "நாலரைக் கிலோ சார்ஜ் வரும்க்கா" என்றான். உள்ளே இருப்பது காற்றுதானே என்றேன், வண்டியில காத்துக்கும் இடம் வேணுமேக்கா என்றான். இரண்டு எடையில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அந்தக் கூடையில் எனக்குக் கிடைத்த கூலி முழுக்க அங்கேயே போனது.

இப்போது பெட்டியே போடுவதில்லை. ஒயர் கூடை கீழே விழுந்தால் உடையாது, அதற்கு எதற்கு அட்டைப்பெட்டி? கைப்பிடியை உள்ளே மடித்து, பக்கங்களை உள்பக்கம் அமுக்கி, தட்டையாக்கி, துணி சுற்றிக் கட்டி, மேலே ஒரு கவர். மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் வரும். வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதிப் போடுகிறேன், பிரித்ததும் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து அரை நாள் இளவெயிலில் வையுங்கள், உருவம் திரும்பிவிடும் என்று. திரும்பிவிடுகிறது. இன்னொன்று, பெரியதுக்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது என்று மூன்று கூடை செட்டாக விற்கிறேன். அனுப்பும் செலவு ஒன்றுக்குத்தான், விற்பது மூன்று. இந்த யோசனை எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கும்போது வந்தது, எந்த வகுப்பிலும் போய்க் கற்றதில்லை.

ஒரு தடவை, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் போன் செய்தார். கேம்ப்புக்கு 40 கூடை வேண்டும், விலை எவ்வளவானாலும் சரி, பணம் இப்போதே போடுகிறேன், நான் அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். நாற்பது என்று கேட்டதுமே எனக்கு மூளை வேலை செய்யவில்லை. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம், போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். பேரமே பேசாமல் மொத்தமாகக் கேட்பவரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்கள். ஒயர் கூடையின் நிறத்தைக்கூடக் கேட்காமல் நாற்பது வாங்குகிறவர் உலகத்தில் கிடையாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒயர் இழுபடும் இடத்தில் தோல் பிளந்துவிடும், முதல் வருடம் சாம்பார் சாதம் பிசையும்போது கண்ணில் தண்ணீர் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்டரை முன்கூட்டியே சுற்றிக்கொண்டு உட்காருவது நல்லது, பிளந்த பிறகு சுற்றிப் பயனில்லை. தரையில் உட்கார்ந்து குனிந்து பின்னியதில் கழுத்தும் பிடித்துக்கொண்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தலையணை வைத்துப் பின்னுகிறேன், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். முன்பெல்லாம் குக்கர் விசிலுக்கு எழும்போது எரிச்சலாக இருக்கும், இப்போது அது நல்லதற்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

வேலை எப்போது வரும் என்பதைப் பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கிறது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள், நடுவில் நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சின்னக் கூடைகள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆர்டரும் கிடையாது. முதல் இரண்டு வருடம் ஆடி வந்தால் தொழில் படுத்துவிட்டது என்று அழுவேன். இப்போது ஆடியில்தான் நவராத்திரிச் சரக்கைப் பின்னி வைக்கிறேன், எல்லோருக்கும் பிடிக்கிற நாலைந்து நிறச் சேர்க்கையில் மட்டும். மார்கழியில் மட்டும் ஒன்றும் செய்வதில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே ஸ்ரீரங்கத்தில் இருக்கும், அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருப்பார்கள்.

இது பிளாஸ்டிக்தானே, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்கிறார்கள். ஆமாம், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருட்களுக்கு. கூடை அந்தப் பட்டியலில் இல்லை, பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அதற்காக 'இயற்கைக்கு உகந்தது' என்று எழுதி விற்க எனக்கு வாய் வரவில்லை. கேட்பவர்களிடம், ஓலைப் பெட்டி வேண்டுமானால் அது இதைவிட நல்லது, கறிகாய் ஈரத்தோடு தூக்கிப்போக வேண்டுமானால் இதை வாங்குங்கள் என்பேன். ரோல் வாங்கும்போது மட்டும் மோந்து பார்த்து வாங்குவேன். கெட்ட வாடை அடிக்கும் மலிவு ஒயர் இரண்டு கோடையில் வெயில் பட்டு உளுத்து முறியும். கூடை முறிந்தால் ஒயர் கம்பெனியை யாரும் திட்ட மாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள்.

பதிவு, உரிமம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுதொழில்களுக்காக 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவை ஆதாரும் பேன் கார்டும் வைத்து அரசுத் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. தெரிந்த ஒரு பெண்ணிடம் இதற்கு 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி நம் அளவுக்குத் தூரம், தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பித்தால் விதி வேறு, அப்போது ஒரு கணக்கரைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது, பழுது பார்ப்பது. இருபது வருடப் பழைய கூடைகளைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வருகிறார்கள். உடம்பு கல்லு மாதிரி இருக்கும், கைப்பிடி மட்டும் அறுந்திருக்கும். பழைய கைப்பிடி ஒயர் விறைத்துப்போய் முடிச்சுக்குள் சிக்கியிருக்கும், ஊக்கு வைத்து நெம்பி எடுப்பதற்கே அரை மணி, புதிதாகக் கோத்து முறுக்க இன்னொரு முக்கால் மணி. ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 80 ரூபாய் கேட்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார், ரேஷன் கடைக்கு எடுத்துப்போகும் கூடையாம், சம்சாரம் பின்னியதாம். "சும்மா ஒரு கைப்பிடிதானேம்மா, அதுக்கு எம்பதா?" என்றார். பீரோ கதவைத் திறந்து தாளைக் காட்டலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் உள்ளேயிருந்து மாமியார், "ஒண்ணேகால் மணி நேரம் ஆகுங்க, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். பெரியவர் கூடையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பச்சையில் வேண்டுமாம். நல்லவேளை, அந்தக் கல்யாணத்துக் கறுத்த பச்சை இன்னும் கால் ரோல் மிச்சம் இருக்கிறது.